பக்கத்து நாற்காலியில் அம்மா

லேப்டாப் திரையில் இருந்த உளவியலாளர் என்னிடம் கால் மணி நேரம் பேசியிருப்பார். பிறகு, "அம்மா வீட்ல இருக்காங்களா? அவங்களையும் பக்கத்துல உட்காரச் சொல்லுங்களேன்" என்றார்.

அம்மா பின்கட்டில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சின்ன வயதில் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினால் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் அப்படித்தான் உட்காருவார்.

"அம்மா, இவங்க மூணாவது, நாலாவது படிக்கும்போது எப்படி இருப்பாங்க?"

"நல்ல பொண்ணுங்க மேடம். ஒரு தொந்தரவு கிடையாது. இவ அண்ணன்தான் வாலு. இவ இருக்கிற இடமே தெரியாது."

"பொருளையெல்லாம் தொலைச்சுட்டு வருவாங்களா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன்.

"தண்ணி பாட்டில் மட்டும் ஒரே வருஷத்துல ஏழு வாங்கினோம் மேடம். ஏழாவதைக் கழுத்துல மாட்டி அனுப்பினேன். சாயங்காலம் வந்து நிக்கிறா, வார் மட்டும் கழுத்துல தொங்குது."

உளவியலாளர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு, "அப்புறம்?" என்றார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அடுத்த ஒன்றேகால் மணி நேரம் அம்மாதான் பேசினார். அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அது பொங்கி வழிந்து தீய்ந்த பிறகும் நான் அடுப்புக்கு எதிரிலேயே நின்றிருந்த கதை. கணக்கில் நூறு வாங்கிய பிள்ளை, அடுத்த பரீட்சையில் கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்த கதை. "கூப்பிட்டா காதுலயே விழாது மேடம். காது டாக்டர்கிட்டகூடக் காட்டினோம்" என்றார் கடைசியில். அந்தச் செய்தி எனக்கே அன்றுதான் தெரியும்.

எனக்கு வயது 36. நிலக்கரிச் சுரங்க நகரமான நெய்வேலியில் பிறந்து வளர்ந்து, சென்னையில் பத்தாண்டு வேலை பார்த்து, கொரோனா காலத்தில் மடிக்கணினியோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியவள். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு எனக்கு இருக்குமோ, ஆட்டிசமும் இருக்குமோ என்ற சந்தேகம் பல ஆண்டுகளாக இருந்தது. அதை இணையவழியில் பரிசோதித்துக்கொள்ள ஐந்து மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை, இதே சந்தேகத்தோடு இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு ஏடிஎச்டி இருப்பதாக உலகளாவிய ஆய்வுகள் சொல்கின்றன. 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் நடந்த ஒரு விழாவில், தனக்கு 41 வயதில்தான் ஏடிஎச்டி கண்டறியப்பட்டது என்று நடிகர் ஃபகத் ஃபாசில் பேசினார். அந்த வாரம் என் கைப்பேசிக்கு அந்தச் செய்தியை மூன்று பேர் அனுப்பினார்கள். மூவரும் அதற்கு முன் என்னிடம் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நோய்

முதலில் நான் போனது வேறு இடத்துக்கு. இணையத்தில் விளம்பரம் பார்த்து, பணம் கட்டி, ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பினேன். பிறகு ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தார். பன்னிரண்டு நிமிடம் பேசினார். அன்று மாலையே மின்னஞ்சலில் அறிக்கை வந்துவிட்டது. ஏடிஎச்டி உண்டு, ஆட்டிசக் கூறுகளும் உண்டு, மாதாமாதம் கட்டணம் கட்டினால் பயிற்சி உண்டு. என் தூக்கத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. தைராய்டைப் பற்றிக் கேட்கவில்லை. நான் எந்தப் பள்ளியில் படித்தேன், எப்படிப் படித்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள்தான், அந்தப் பக்கங்களில் என்னைப் பற்றி எதுவுமே இல்லை என்பது உறைத்தது. என் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம்.

அந்தக் கேள்விப் பட்டியலின் மேல் எனக்குக் கோபமில்லை. அது ஏஎஸ்ஆர்எஸ் என்ற, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி 2005இல் வெளியான நல்ல கருவி. மொத்தம் 18 கேள்விகள். அதில் முதல் ஆறுதான் சல்லடை. வேலையின் கடினமான பகுதியை முடித்துவிட்டுக் கடைசி நுணுக்கங்களை முடிக்காமல் விடுகிறீர்களா, ஒப்புக்கொண்ட நேரத்தை மறக்கிறீர்களா, உட்கார்ந்த இடத்தில் கை கால் ஆடிக்கொண்டே இருக்கிறதா என்பது போன்றவை. ஆறில் நான்கோ அதற்கு மேலோ குறிப்பிட்ட அளவைத் தொட்டால், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் பொருள். நோய் உறுதி என்று அந்தக் கருவியை உருவாக்கியவர்களே சொல்லவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க நெய்வேலியைவிட நல்ல ஊர் கிடையாது. என் சித்தப்பா மகன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் நைட் ஷிப்ட் முடித்து, காலையில் டீக்கடையில் நின்றவரிடம் அந்த ஆறு கேள்விகளையும் தமிழில் கேட்டேன். ஆறில் ஐந்து. "எனக்கும் அதுதான் போலிருக்கே" என்றார் முகம் வெளுத்து. நான் பயந்துபோய் என் உளவியலாளரிடம் கேட்டேன். "முதல்ல அவரை நாலு நாள் ராத்திரி தூங்கச் சொல்லுங்க, அப்புறம் கேளுங்க" என்றார். ஷிப்ட் மாறியது. பத்து நாள் கழித்து அதே கேள்விகளுக்கு இரண்டுதான் வந்தது. தூக்கம் கெட்ட மூளையும் ஏடிஎச்டி மூளையும் ஒரு கேள்வித்தாளில் ஒரே மதிப்பெண் வாங்கும். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், குடி, எல்லாமே கவனத்தைத்தான் முதலில் தின்கின்றன.

வெளிநாட்டிலும் இதே கதைதான், பெரிய அளவில். பிரிட்டனில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சிக்காக ஒரு செய்தியாளர் தன்னையே பரிசோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் மூன்று மணி நேரம் நேரில் பார்த்து, ஏடிஎச்டி இல்லை என்றார். மூன்று தனியார் கிளினிக்குகள் வீடியோ அழைப்பிலேயே பார்த்து, உண்டு என்றன. 2023 மே மாதம் அது ஒளிபரப்பானது. அமெரிக்காவில் கொரோனா தொடங்கியபோது, ஏடிஎச்டி மருந்துகளை எழுத நோயாளியை நேரில் பார்க்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினார்கள். 'டன் குளோபல்' என்ற ஆன்லைன் ஏடிஎச்டி நிறுவனத்தின் நிறுவனர் 2024 ஜூனில் மருந்து விநியோகக் குற்றச்சாட்டில் கைதானார். சமூக ஊடகத்தைச் சொல்லவே வேண்டாம். டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏடிஎச்டி வீடியோக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான கனடா ஆய்வில், அவற்றில் 52 தவறான தகவல் தருபவை என்று தெரிந்தது.

ஏன் அம்மா?

பெரியவர்களுக்கான ஏடிஎச்டி பரிசோதனையில் பாதி, அந்தப் பெரியவரைப் பற்றியதே அல்ல. அவருக்குள் இருந்த எட்டு வயதுக் குழந்தையைப் பற்றியது. ஏடிஎச்டி திடீரென்று முப்பது வயதில் வந்து தொற்றுவதில்லை. மூளை வளரும் காலத்திலேயே உடன் வளர்வது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இது 7 வயது. பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒன்பதில் ஐந்து அறிகுறிகள் போதும் என்றும் தளர்த்தியது. ஆனால் வீடு, வேலை என்று ஒரே ஒரு இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. வாழ்க்கையை உண்மையிலேயே பாதித்திருக்க வேண்டும். வேறொரு நோயால் அதை விளக்க முடியக்கூடாது.

ஆகவே நல்ல பரிசோதகர் சாட்சி தேடுவார். நெதர்லாந்தில் உருவான 'டிவா-5' என்ற நேர்காணல் முறை, ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு முறை கேட்கிறது: இப்போது எப்படி, சின்ன வயதில் எப்படி என்று. இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் குழந்தைப் பருவம் என் நினைவில் ஒழுங்காக இல்லை.  அந்த நினைவு அம்மாவிடம் இருந்தது. பன்னிரண்டு நிமிட அறிக்கைக்கும் ஐந்து மணி நேர மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று யாராவது கேட்டால், நான் பக்கத்து நாற்காலியைத்தான் காட்டுவேன். இரண்டாவது மதிப்பீடு மூன்று அமர்வுகளில் நடந்தது. ஒன்றில் நான், ஒன்றில் அம்மாவும் நானும், கடைசியில் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்துகொண்டார்.

"ஸ்கூல் ராங்க் கார்டு ஏதாவது இருக்கா?" என்று இரண்டாம் அமர்வின் முடிவில் கேட்டார் உளவியலாளர்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது வலிக்கிற கேள்வி. சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் வீடு சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் வாழ்ந்த, வட்டம் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்புப் பகுதி, பக்கத்து வீட்டு மாமி, எதிர்வீட்டு அங்கிள், நாம் நட்ட மாமரம், எல்லாம் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போகும். சிலர் இந்திரா நகரில், சிலர் வடலூர் பக்கம், சிலர் பிள்ளைகளோடு சென்னை, பெங்களூரு என்று சிதறிப்போவார்கள். என்னைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் யாரும் இப்போது ஒரே தெருவில் இல்லை. நாங்கள் காலி செய்தபோது அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்ட மூட்டையில் என் நோட்டுகள், கார்டுகள் எல்லாம் போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தோம்.

அப்பா உள்ளே போய் ஒரு பழைய டியூட்டிப் பையைக் கொண்டுவந்தார். கிரீஸ் வாடை இன்னும் போகாத காக்கிப் பை. பிராவிடண்ட் ஃபண்ட் சீட்டு, மின்கட்டண ரசீது, பழைய கேட் பாஸ் இவற்றுக்கு அடியில், ரப்பர் பேண்ட் இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட நிலையில், ஒன்றிலிருந்து எட்டு வரை என் ராங்க் கார்டுகள். ஆசிரியர் குறிப்பு என்ற கட்டத்தில் வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு மையில், எட்டு வருடமும் ஏறத்தாழ ஒரே வாக்கியம். புத்திசாலி, கவனம் போதாது. அந்த எட்டுப் பேரும் கலந்து பேசிக்கொண்டு எழுதியிருக்க முடியாது. அட்டைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினேன். அந்த ஒரு மாலை, எந்தக் கேள்வித்தாளும் தராத ஆதாரத்தைத் தந்தது.

நைட் ஷிப்ட் வீட்டில் நல்ல பிள்ளை

அண்ணனை எல்லோருக்கும் தெரிந்தது. மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தவன், பெஞ்சின் மேல் நின்றவன், வாரம் ஒரு முறை அப்பாவிடம் அடி வாங்கியவன். என்னை ஏன் யாருக்கும் தெரியவில்லை?

அப்பா சுரங்கத்தின் கன்வேயர் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, சமையலறைச் சுவரின் மாதக் காலண்டரில், காதில் செருகியிருக்கும் நீலப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஷிப்ட் எண்ணை எழுதுவார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று என்றால் நைட். மூன்று எழுதிய நாட்களில் வீடு பகல் முழுக்க மூச்சுக்கூட மெல்ல விடும். அப்பா தூங்குகிறார். மிக்ஸி ஓடாது, ரேடியோ பாடாது, பிள்ளைகள் ஓடக்கூடாது. அந்த வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கணக்கில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? அடக்கமான பொண்ணு என்றுதான். கவனம் சிதறுவதில் ஓடியாடும் வகை உண்டு, உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போகும் வகையும் உண்டு. இரண்டாவது வகை பெண் குழந்தைகளிடம் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. எங்கள் ஊரில் அதைக் கவனிக்காமல் விடுவதற்குக் காலண்டரும் சேர்ந்து உதவியது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலண்டர்தான் என்னைத் தாங்கியும் பிடித்தது. ஷிப்ட் பஸ் வரும் நேரம், பால் வரும் நேரம், ஸ்கூல் பெல், எல்லாம் கடிகாரமாக நடந்த ஊரில், எனக்குள் கடிகாரம் இல்லாதது வெளியே தெரியவில்லை. சென்னைக்குப் போய்த் தனி அறை எடுத்த முதல் வருடமே எல்லாம் சரிந்தது. கட்டாத மின்கட்டணம், திறக்காத கடிதங்கள், மூன்று முறை தவறவிட்ட ரயில். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். வீட்டுக்குள் நுழைந்தால் கால் வைக்க இடமிருக்காது.

வெளியே தெரியாமல் இருக்க எவ்வளவு உழைத்தேன் என்பதைச் சொல்ல என் ஊரிலிருந்துதான் உவமை எடுக்க வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கியது நெய்வேலியின் கதை. 1956இல் சுரங்க நிறுவனம் பிறந்தது. அந்தத் தண்ணீர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. சுரங்கத்தைச் சுற்றி இரவு பகல் பாராமல் பம்புகள் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும். பார்வை மேடையில் நின்று பார்ப்பவருக்குக் காய்ந்த பள்ளமும், மெதுவாகச் சுழலும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரமும்தான் தெரியும். பம்பு ஓடுவது தெரியாது. ஒவ்வொரு அலுவலகக் கூட்டத்திலும் நான் பம்பை ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், எதைச் செய்து களைத்துப்போகிறார்களோ அதுவும் இதுவே.

கண்ணைப் பார்க்கத் தெரியாத கேமரா

ஆட்டிசத்தை இணையவழியில் பார்ப்பது ஏடிஎச்டியைவிடச் சிக்கலானது. நேரில் நடக்கும் மதிப்பீட்டில் பரிசோதகர் பார்க்கும் முக்கியமான விஷயங்களில் ஒன்று, கண்ணோடு கண் பார்த்துப் பேசுகிறாரா என்பது. வீடியோ அழைப்பில் அது யாராலும் முடியாது. திரையில் அவர் கண்ணைப் பார்த்தால் என் பார்வை அவருக்குத் தாழ்ந்து தெரியும். கேமராவைப் பார்த்தால் நான் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. அதோடு, பெரியவர்கள் முன் தலை நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதை மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்த்த வீடுகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வித்தாள்களிலும் இதே சிக்கல். கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் குழு 2001இல் வெளியிட்ட 50 கேள்விப் பட்டியல்தான் இணையத்தில் எல்லோரும் முதலில் நிரப்புவது. நாடக அரங்கமா, அருங்காட்சியகமா, எது பிடிக்கும் என்கிற மாதிரி அதில் ஒரு கேள்வி. சின்ன வயதில் நெய்வேலியில் எனக்கு இரண்டும் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை புத்தகக் கண்காட்சி உண்டு. என் உளவியலாளர் அந்தக் கேள்வியை அப்படியே விடாமல், "கல்யாண வீட்டுக்குப் போனா எங்க உட்காருவீங்க, எவ்வளவு நேரத்துல கிளம்பணும்னு தோணும்?" என்று மாற்றிக் கேட்டார். அப்போதுதான் எனக்குப் பதில் சொல்ல வந்தது. தமிழில் கேட்கத் தெரிந்தவரிடம் போவது வசதிக்காக மட்டுமல்ல. விடை சரியாக வருவதற்கே அது வேண்டும்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆட்டிச இளைஞன் ஒருவன், நெய்வேலி வழியாகப் போகும் எல்லா ரயில்களின் எண்ணும் நேரமும் சொல்வான். அம்மா முகம் வாடினால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். அவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? இந்தச் சொல்லை மாற்ற வேண்டும். இப்படி ஒரு பெயரைச் சூட்டிக்கொள்ள எந்தப் பெரியவர்தான் பரிசோதனைக்கு முன்வருவார்? யெஸ். பாலபாரதி போன்றவர்கள் ஆட்டிசம் பற்றித் தமிழில் எளிமையாக எழுதத் தொடங்கிய பிறகுதான் பெற்றோர்களுக்கே இதைப் பேச வார்த்தைகள் கிடைத்தன. ஆனால் அவையும் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியவை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து நாற்பதைத் தொடுவார்கள் என்பதை நம் மொழி இன்னும் யோசிக்கவில்லை.

என் விஷயத்தில் முடிவு இது: ஏடிஎச்டி உண்டு, ஆட்டிசம் இல்லை. 2013 வரை இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்லக்கூடாது என்று கையேட்டில் விதி இருந்தது. இப்போது சேர்ந்தே வரலாம் என்பது ஏற்கப்பட்டுவிட்டது. அதனால் இரண்டையும் பார்த்தார்கள். 'இல்லை' என்று கேட்டபோது எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்ததை மறைக்க மாட்டேன். பல வருடம் அந்தப் பெயருக்குள் ஒதுங்கி நின்றிருந்தேன். ஆனால் 'இல்லை' என்று சொன்ன அந்த நிமிடத்தில்தான், அவர்கள் சொன்ன 'உண்டு' மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பஸ் ஸ்டாண்டில் முடியும் இணையம்

இவ்வளவு சிக்கல் இருக்கும்போது எதற்கு ஆன்லைன், நேரில் போனால் என்ன என்று கேட்பவர்கள் டவுன்ஷிப்பில் வாழ்ந்திருக்க மாட்டார்கள். காலையில் மனநலப் பிரிவு வரிசையில் நின்றால், மாலைக்குள் வட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணமாகாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம். பெரியவர்களின் ஏடிஎச்டி, ஆட்டிசத்தில் பழகிய கைகள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும்தான். சென்னை 200 கிலோமீட்டர். மூன்று அமர்வு என்றால் மூன்று நாள் விடுப்பு. நாளுக்கு நாள் கூலி வாங்கும் என் சித்தப்பா மகன் போன்றவருக்கு அது நடக்காத காரியம். நாடு முழுவதும் ஊரடங்கிய முதல் நாளான 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள்தான் இந்தக் கதவைச் சட்டப்படி திறந்தன. அந்தக் கதவு மூடக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் அந்த நெறிமுறையிலேயே ஒரு தடுப்பும் இருக்கிறது. ஏடிஎச்டிக்கு உலகம் முழுக்க முதன்மையாகத் தரப்படும் மெதில்ஃபெனிடேட் நம் நாட்டில் 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்து. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் உண்டு. இந்த வகை மருந்தை வீடியோவில் பார்த்து எழுதித்தர எந்த மருத்துவருக்கும் அனுமதி கிடையாது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றை மருந்துக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். அதை விற்கக் கடைக்குத் தனி உரிமமும் வேண்டும். நான் நெய்வேலியில் மூன்று கடைகளில் கேட்டேன். ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அது இங்கெல்லாம் வராதும்மா, பாண்டிக்குப் போங்க" என்றார். ஏதோ தப்பான பொருளைக் கேட்டுவிட்ட மாதிரி உடம்பு கூசியது. அடோமாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்து அந்தப் பட்டியலில் இல்லை. அது எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்த பிறகு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்று சொல்ல என்னால் முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது இந்த மருந்து கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சான்றிதழும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் சேர்த்தது. ஏடிஎச்டி அதில் இல்லை. ஆட்டிசத்துக்கு யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டுமானால் இணையத்தில் விண்ணப்பிக்கலாம்; ஆனால் மருத்துவக் குழுவின் முன் நேரில் போயாக வேண்டும். அங்கே பயன்படுத்தும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள். 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அதை உருவாக்கும்போது மனத்தில் இருந்தது பெரும்பாலும் குழந்தைகள்தான். பம்பை ஓட்டப் பழகிய நாற்பது வயதுக்காரர் அதில் காய்ந்த பள்ளமாகத்தான் தெரிவார்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தேடப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் சில கேள்விகள் கேளுங்கள். உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண், மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். தயங்காமல் தருவார்கள், தராவிட்டால் வைத்துவிடுங்கள். எத்தனை அமர்வு, வீட்டில் யாரிடம் பேசுவீர்கள், தமிழில் பேசுவீர்களா என்று கேளுங்கள். போன மாதம் எத்தனை பேருக்கு 'இல்லை' என்று சொன்னீர்கள் என்றும் கேளுங்கள். அம்மா இல்லாதவர்களுக்கு அக்காவோ சித்தியோ பழைய டீச்சரோ போதும். கையில் பணமே இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை அது. இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம். அங்கே நோயை உறுதிசெய்ய மாட்டார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள்.

மூன்றாம் அமர்வு முடிந்து லேப்டாப்பை மூடிய பிறகு, அம்மா கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. "அப்போ நான் உன்னை அன்னைக்கு அடிச்சிருக்கக்கூடாது" என்றார். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. சிறிது நேரம் கழித்து, முற்றத்தில் பாதி பிரித்துப்போட்ட மின்விசிறி, அதற்குப் பக்கத்தில் பாதி பிரித்துப்போட்ட சைக்கிள், இரண்டுக்கும் நடுவில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த அப்பா என்று அம்மா மாறி மாறிப் பார்த்தார். இந்தக் குறைபாட்டில் மரபணுவின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அப்பாவிடம் அந்த ஆறு கேள்விகளையும் நான் கேட்கவில்லை.

புதுச்சேரிக்கு மாதம் ஒரு முறை போகிறேன். பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். டாக்டரைப் பார்த்து, இரண்டு பிரதியில் சீட்டு வாங்கி, மருந்து வாங்கித் திரும்ப ஒரு நாள் ஆகிறது. இரண்டாவது மாதம் தேதியை மறந்துவிட்டேன்; நான்கு நாள் மருந்தில்லாமல் போனது.

மூன்றாவது மாதம் முதல் தேதி காலையில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து எதுவுமே எழுதாமல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த மாதக் காலண்டரில், 17ஆம் தேதிக் கட்டத்தில், நீலப் பென்சிலால் பெரிதாக 'பாண்டி' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய நாள் கட்டத்தில், சின்ன எழுத்தில்: 'பழைய சீட்டு எடுத்து வை.'